சில்லுப் பொறிகளும் பங்குச் சந்தையும்



செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை நம்மில் பலர் படிக்காமலே புரட்டிவிடுகிறோம். எண்கள் நிறைந்த பக்கம் அது. பணம் படைத்தவர்க்கே உரியது என்றும் எண்ணிவிடுகிறோம். ஆயினும், கணக்குப் பாடத்திற்கும் தருக்கப் பாடத்திற்கும் ஒருங்கே உதவக்கூடிய புதிர்கள் சில வேளைகளில் அப்பக்கத்தில்தான் கிடைக்கின்றன. அத்தகைய புதிர் ஒன்றை இன்று ஆராய்வோம்.

2024 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15 ஆம் நாள் நடந்தது இது. நெதர்லாந்து நாட்டில் வெல்ட்ஹோவன் என்னும் ஊரில் ஏ.எஸ்.எம்.எல். என்ற நிறுவனம் இருக்கிறது. அதன் காலாண்டுக் கணக்கு மறுநாள்தான் வெளிவந்திருக்க வேண்டும். தொழில்நுட்பக் கோளாறு ஒன்றால், ஒரு நாள் முன்னதாகவே அது இணையதளத்தில் வெளிவந்துவிட்டது. கணக்கு ஒன்றும் மோசமானதன்று. விற்பனை 747 கோடி யூரோ. முந்திய ஆண்டின் அதே காலாண்டில் 667 கோடியாக இருந்தது. இலாபமும் 189 கோடியிலிருந்து 208 கோடியாக உயர்ந்திருந்தது. வகுப்பில் ஒரு மாணவன் சென்ற தேர்வைவிட மிகுந்த மதிப்பெண் பெற்றால் வீட்டில் பாராட்டுக் கிடைக்கும். இந்த நிறுவனத்திற்கோ, அன்று ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ 16 விழுக்காடு வீழ்ந்தது. கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் இதே துறையிலுள்ள நிறுவனங்களின் பங்குகளும் அன்று 10 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் சரிந்தன. அவை அன்று எந்தக் கணக்கையும் வெளியிடவில்லை.

விற்பனை ஏறியது, இலாபம் ஏறியது, பங்கு மட்டும் இறங்கியது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது? இதற்கு விடை காண, இந்த நிறுவனங்கள் செய்யும் தொழிலை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கைப்பேசியிலும் கணினியிலும் மோட்டார் வண்டியிலும் உள்ள சிறு சில்லுகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். சிலிக்கன் என்னும் குறைகடத்திப் பொருளால் ஆன வட்டத் தகட்டின்மேல் அவை உருவாக்கப்படுகின்றன. இன்றைய பெரிய ஆலைகளில் அத்தகட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர். அதன்மேல் மெல்லிய படலம் ஒன்றைப் படியச் செய்கிறார்கள். ஒளியால் வேதிமாற்றம் அடையும் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். ஒளியின் துணைகொண்டு மின்சுற்றின் வடிவத்தை அதன்மேல் பதிக்கிறார்கள். வேண்டாத பகுதியை அரித்து நீக்குகிறார்கள். பிழை உண்டா என்று சோதிக்கிறார்கள். பிறகு அதன்மேல் அடுத்த படலம். இவ்வாறு நூற்றுக்கணக்கான படிகள். ஒரு தகடு ஆலைக்குள் புகுந்து வெளிவர மூன்று மாதம் வரையிலும் ஆவதுண்டு.

இப்படிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொறிகள் வேண்டும். அவற்றைச் செய்வோர் உலகில் மிகச் சிலரே. படலம் படியச் செய்யும் பொறிகளுக்குப் பெயர் பெற்றது, 1967 இல் தோன்றிய அமெரிக்க நிறுவனமாகிய அப்ளைடு மெட்டீரியல்ஸ். அரித்து நீக்கும் பொறிகளில் முன்னிற்பது, 1980 இல் தோன்றிய லாம் ரிசர்ச். சோதிக்கும் பொறிகளுக்குக் கே.எல்.ஏ. ஜப்பானில் டோக்கியோ எலெக்ட்ரான். ஒளியால் வடிவம் பதிக்கும் பொறிகளுக்கு, நாம் மேலே கண்ட ஏ.எஸ்.எம்.எல்.

இந்தக் கடைசி நிறுவனத்தின் பொறியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. உருக்கிய வெள்ளீயத்தின் நுண்துளிகள், நொடிக்கு 50,000 என்ற கணக்கில், வெற்றிடத்தில் விழுகின்றன. விழும் துளி ஒவ்வொன்றின் மீதும் லேசர் ஒளி இருமுறை பாய்கிறது. துளி மின்மக் குழம்பாக மாறி, 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளியைக் கண்ணாடி வில்லைகள் விழுங்கிவிடும், காற்றும் விழுங்கிவிடும். ஆதலின் வில்லைகளுக்கு மாறாக, மிக வழவழப்பான ஆடிகளைக்கொண்டு அதனைத் திருப்பித் தகட்டின்மேல் விழச் செய்கிறார்கள். இத்தகைய பொறியை விற்பனைக்குச் செய்வோர் உலகிலேயே இந்த ஒரு நிறுவனந்தான். இவ்வகையில் அண்மையில் வந்த பெரும்பொறி ஒன்றின் விலை 35 கோடி யூரோ அளவில் இருக்கிறது. நம் பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு பொறியின் விலையைத்தான் சொல்கிறேன்.

இவ்விடத்தில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். கைப்பேசி வாங்கும் நாம் இந்நிறுவனங்களின் வாடிக்கையாளர் அல்லோம். நாம் கைப்பேசி செய்வோரிடம் வாங்குகிறோம். அவர் சில்லு செய்வோரிடம் வாங்குகிறார். சில்லு செய்வோர் தம் ஆலைக்குப் பொறி தேவைப்படும்போது மட்டும் இவர்களிடம் வருகிறார். நம் தேவைக்கும் இவர்கள் தொழிலுக்கும் இடையில் இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன. அந்த இடைவெளிதான் நம் புதிரின் முதற் பாதி.

பலகையில் எழுதிக் காட்ட வேண்டிய கணக்கு இது. வானொலியில் பலகை இல்லை. ஆகவே தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆலையில் 100 பொறிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொறியின் ஆயுள் பத்து ஆண்டு. ஆண்டுக்கு 10 பொறிகள் பழுதாகிக் கழிகின்றன. அவற்றுக்கு ஈடாக ஆலைக்காரர் ஆண்டுதோறும் 10 புதிய பொறிகளுக்கு ஆர்டர் தருகிறார். இப்பொழுது சில்லின் தேவை 10 விழுக்காடு கூடுகிறது. ஆலைக்கு 110 பொறிகள் வேண்டும். கழிந்தவற்றுக்கு ஈடாக 10, புதிய தேவைக்கு 10. ஆக 20 பொறிகளுக்கு ஆர்டர். சில்லின் தேவை பத்தில் ஒரு பங்குதான் கூடிற்று. பொறியின் ஆர்டரோ இரு மடங்காயிற்று. அடுத்த ஆண்டு, சில்லின் தேவை குறையவில்லை, கூடவும் இல்லை, அப்படியே நிற்கிறது. ஆலைக்காரருக்கு ஈட்டுப் பொறிகள் 10 மட்டும் போதும். ஆர்டர் பாதியாகிவிட்டது. தேவை குறைந்ததா? இல்லை. வளர்வது நின்றது, அவ்வளவே. அதற்கடுத்த ஆண்டு சில்லின் தேவை ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தால், 105 பொறிகள் போதும்; பழுதானவை போக 100 கையில் இருக்கின்றன; ஆர்டர் 5 தான். மீண்டும் பாதி.

இதனைப் பொருளியலார் முடுக்கக் கோட்பாடு என்பர். ஜான் மாரிஸ் கிளார்க் என்னும் அமெரிக்கப் பேரறிஞர் 1917 இலேயே இதனைத் தெளிவுற எழுதினார். அப்போது சில்லும் இல்லை, திரிதடையமும் இல்லை; இரயில் பெட்டிகளைக்கொண்டு விளக்கினாலும் கணக்கு இதேதான். பொறி செய்வோரின் தொழில் தேவையின் அளவைப் பின்பற்றுவதைவிட, தேவை மாறும் வேகத்தையே பின்பற்றுகிறது.

இனி ஏட்டுக் கணக்கை விட்டு உண்மைக் கணக்கைக் காண்போம். தைவானில் உள்ள டி.எஸ்.எம்.சி. என்னும் நிறுவனம், பிறர் வரைந்து தரும் சில்லுகளைச் செய்து கொடுப்பதில் உலகில் முதன்மையானது. 2021 இல் அதன் வருவாய், டாலர்க் கணக்கில், ஏறத்தாழ 25 விழுக்காடு கூடிற்று. அதே ஆண்டில் ஆலைகளுக்கும் பொறிகளுக்கும் அது செலவிட்ட முதலீடு சுமார் 1,720 கோடி டாலரிலிருந்து 3,000 கோடி டாலருக்கு உயர்ந்தது. அஃதாவது ஏறத்தாழ 75 விழுக்காடு. 2023 இல் வருவாய் 9 விழுக்காட்டளவு குறைந்தபோது முதலீடு 16 விழுக்காட்டளவு குறைந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் முதலீடே மிகுதியாக அசைகிறது.

நினைவகச் சில்லு செய்வோரிடம் இந்த ஊசலாட்டம் இன்னும் கடுமை. நெல்லைப் போல, அரிசியைப் போல, நினைவகச் சில்லு ஒருவர் செய்ததற்கும் மற்றொருவர் செய்ததற்கும் பெரிய வேற்றுமை இல்லாத சரக்கு. ஆகவே மிகுதியாக விளைந்தால் விலை தலைகுப்புற விழும். அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் 2022 நிதியாண்டில் 3,076 கோடி டாலருக்கு விற்றது. அடுத்த நிதியாண்டில் 1,554 கோடிக்கு மட்டுமே விற்று, 583 கோடி டாலர் நட்டம் அடைந்தது. ஆலைக்குள் நட்டம் புகுந்தவுடன் அதன் தலைவர்கள் முதலில் செய்தது பொறிக் கொள்முதலைக் குறைத்ததே. அந்தச் சுமை யார் தலையில் விழுந்தது? நினைவக ஆலைகளுக்கு மிகுதியாகப் பொறி விற்றுவந்த லாம் ரிசர்ச்சின் தலையில். 2022 டிசம்பரில் முடிந்த காலாண்டில் 528 கோடி டாலராக இருந்த அதன் விற்பனை, 2023 ஜூனில் முடிந்த காலாண்டில் 321 கோடியாகச் சுருங்கியது. அந்த ஜனவரியில் ஏறத்தாழ 1,300 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகவும் அது அறிவித்தது. மற்றொரு காரணமும் உடன் சேர்ந்தது. உயர்வகைப் பொறிகளைச் சீனத்துக்கு விற்பதை 2022 அக்டோபர் 7 ஆம் நாள் அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது. அரசின் ஆணை ஒன்று சந்தையின் தேவையைப் போலவே வாணிகத்தை ஆட்டிவைக்கும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

இங்கே கவனியுங்கள். விற்பனை சுருங்கி, ஆட்குறைப்பும் நடந்த அந்த 2023 ஆம் ஆண்டில் லாம் ரிசர்ச்சின் பங்கு விலை என்ன ஆயிற்று? ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 420 டாலராக இருந்தது, ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 780 டாலர். 2024 அக்டோபரில் அந்நிறுவனம் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்துவிட்டதால், இன்று பழைய அட்டவணையைத் தேடுபவர்க்கு 42, 78 என்ற எண்களே தென்படக்கூடும், திகைக்க வேண்டாம். எவ்வகையில் எழுதினாலும், மிகக் கெட்ட ஆண்டில் பங்கு மிக நன்றாக ஏறியது என்பதே செய்தி.

ஏ.எஸ்.எம்.எல். நல்ல கணக்குக் காட்டிய நாளில் வீழ்ந்தது. லாம் கெட்ட கணக்குக் காட்டிய ஆண்டில் ஏறியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பங்கை வாங்குபவர் அந்நிறுவனம் நேற்று ஈட்டியதை வாங்குவதில்லை; அதனை முன்னமே வேறொருவர் பெற்றுவிட்டார். இனி ஈட்டப்போவதைத்தான் வாங்குகிறார். 2022 இன் இறுதிக்குள், கெட்ட காலம் வரப்போகிறது என்பதைச் சந்தை அறிந்து, விலையில் கழித்துவிட்டிருந்தது. அடுத்து வந்ததோ எதிர்பாராத நற்செய்தி. 2023 மே 24 ஆம் நாள் என்விடியா நிறுவனம், அடுத்த காலாண்டில் 1,100 கோடி டாலருக்கு விற்போம் என்றது. அதனை ஆராய்ந்துவந்தோர் 700 கோடியைச் சற்றே கடந்த தொகையைத்தான் எதிர்பார்த்திருந்தனர். செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளின் தேவை பெருகிவிட்டது என்று உலகம் அன்று உணர்ந்தது. என்விடியா பொறி செய்யும் நிறுவனமன்று. அதற்குச் சொந்த ஆலைகூட இல்லை. ஆனால் அது கேட்பதை டி.எஸ்.எம்.சி. செய்ய வேண்டும், டி.எஸ்.எம்.சி. செய்வதற்குப் பொறிகள் வேண்டும். பொறி செய்வோரின் கதவை ஆர்டர் வந்து தட்டுமுன்னரே அவர்களுடைய பங்கு விலை எழுந்து நின்றுவிட்டது.

“எதிர்பார்த்திருந்தனர்” என்றேன். யார் எதிர்பார்த்தனர்? இங்கேதான் நம் புதிரின் மற்றொரு பாதி வருகிறது.

பங்குத் தரகு நிறுவனங்களிலும் முதலீட்டு வங்கிகளிலும் ஆய்வாளர் எனப்படுவோர் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு சில நிறுவனங்களையே ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்வர். கணக்கேடுகளைப் படிப்பர், நிறுவனத் தலைவர்களைக் கேள்வி கேட்பர், வாடிக்கையாளர் என்ன வாங்கப்போகிறார் என்று துருவி விசாரிப்பர். பின்னர், வரும் ஆண்டில் ஒரு பங்குக்கு இவ்வளவு இலாபம் வரும் என்று மதிப்பிட்டு, அந்த இலாபத்தைப் போல் இத்தனை மடங்கு விலை தரலாம் என்று கணித்து, ஓராண்டிற்குள் பங்கு எட்டக்கூடிய இலக்கு விலையைச் சொல்வர். அந்த இலக்கும் இன்றைய விலையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து ‘வாங்கலாம்’, ‘வைத்திருக்கலாம்’, ‘விற்கலாம்’ என்று தரம் இடுவர். சொற்கள் வீட்டுக்கு வீடு மாறும். சிலர் ‘கூடுதல் எடை’, ‘குறைந்த எடை’ என்பர். பொருள் ஏறக்குறைய இதுவே.

இதிலுள்ள பெருக்கலைக் கவனிக்க வேண்டும். ஒரு பங்குக்கு 20 ரூபாய் இலாபம் வரும், அதற்கு 25 மடங்கு விலை தரலாம் என்று ஓர் ஆய்வாளர் எண்ணினால் இலக்கு 500 ரூபாய். சில்லின் தேவை தணியும் என்று அஞ்சி, இலாபத்தை 18 ரூபாயாகக் குறைக்கிறார். குறைந்தது பத்தில் ஒரு பங்கே. ஆனால் அஞ்சிய மனம் அத்தோடு நிற்பதில்லை. வளர்ச்சி தணியும் தொழிலுக்கு 25 மடங்கு எதற்கு, 20 போதும் என்கிறது. பதினெட்டை இருபதால் பெருக்குங்கள். 360. இலக்கு விலை நூற்றுக்கு 28 குறைந்துவிட்டது. தேவையின் சிறு அசைவு பொறியின் ஆர்டரில் பெரிதாகிறது என்று கண்டோம். ஆர்டரின் அசைவு விலையில் இன்னொருமுறை பெரிதாவதை இப்போது காண்கிறீர்கள். பொறி செய்வோரின் பங்குகள் மற்றவற்றைவிட மிகுதியாகக் குதிப்பதற்கும் விழுவதற்கும் இந்த இரட்டைப் பெருக்கமே காரணம்.

ஆய்வாளர் இடும் தரத்தைப் பள்ளி மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மயங்குவோர் பலர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் அந்த வேற்றுமையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் இட்ட மதிப்பெண் மாணவன் எழுதியதற்கு. இவர்கள் இடுவது, மாணவன் எவ்வளவு வாங்குவான் என்று ஊரார் பந்தயம் கட்டியிருக்கிறார்களோ, அதைவிடக் கூடுதலாக வாங்குவானா குறைவாக வாங்குவானா என்பதற்கு. 95 வாங்குவான் என்று எல்லாரும் நம்பும் மாணவன் 90 வாங்கினால் பந்தயம் தோற்றது. 35 தான் தேறுவான் என்று கருதப்பட்டவன் 50 வாங்கினால் பந்தயம் வென்றது. சிறந்த நிறுவனத்திற்கு ‘விற்கலாம்’ என்றும், தளர்ந்த நிறுவனத்திற்கு ‘வாங்கலாம்’ என்றும் தரம் இடப்படுவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இன்னொன்று. ஏற்கெனவே இருக்கும் தரத்திற்குச் சந்தையில் அவ்வளவு வலிமை இல்லை. தரம் மாறும் நாளுக்குத்தான் வலிமை. ‘விற்கலாம்’ என்று வெளிப்படையாகச் சொல்வது மிக அரிதாகையால், ‘வாங்கலாம்’ என்றிருந்தவர் ‘வைத்திருக்கலாம்’ என்று ஒரு படி இறங்கினாலே, அனுபவமுள்ளோர் அதனை எச்சரிக்கையாகப் படிக்கின்றனர். ஏன் அரிது? ஆய்வாளர் பணியாற்றும் வங்கிக்கே அந்த நிறுவனம் வாடிக்கையாளராகவும் இருக்கலாம். இந்த உறவு நேர்மையைக் கெடுத்தது என்று அமெரிக்காவில் வழக்கு எழுந்து, 2003 ஆம் ஆண்டில் பத்து நிதி நிறுவனங்கள் ஏறத்தாழ 140 கோடி டாலர் கட்டி உடன்பாட்டிற்கு வந்தன. ஆய்வுப் பகுதிக்கும் வங்கித் தொழிற் பகுதிக்கும் இடையே சுவர் எழுப்ப வேண்டும் என்ற விதியும் அப்போது வலுப்பெற்றது. சுவர் எழுந்தபின் நிலைமை திருந்தியது உண்மை. இருப்பினும் தரங்கள் நற்பக்கமே சாய்ந்து நிற்பதை இன்றும் காணலாம்.

ஆய்வாளர் சொல் பலிக்குமா? பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு. 2024 செப்டம்பரிலேயே இரண்டையும் பார்த்துவிடலாம். அத்திங்களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் யு.பி.எஸ். வங்கி, ஏ.எஸ்.எம்.எல். பங்கை ‘வாங்கலாம்’ என்ற நிலையிலிருந்து ‘நடுநிலை’க்கு இறக்கியது. இலாப வளர்ச்சியின் வேகம் பின்னாளில் தணியும் என்பது அவர்கள் கருத்து. அடுத்த ஆறு வாரத்திற்குள் நாம் முதலிற் கண்ட அக்டோபர் வீழ்ச்சி வந்தது. அதே செப்டம்பரின் நடுவில் மார்கன் ஸ்டான்லி நிறுவனம், நினைவகச் சில்லுத் தொழிலுக்குக் குளிர்காலம் வரப்போகிறது என்று எச்சரித்து, தென்கொரியாவின் எஸ்.கே. ஹைனிக்ஸ் பங்கை ஒரே தாவலில் இரண்டு படி இறக்கியது. இலக்கு விலையை 2,60,000 வொன்னிலிருந்து 1,20,000 வொன்னாக, பாதிக்கும் கீழே, குறைத்தது. விடுமுறை முடிந்து சந்தை திறந்த 19 ஆம் நாள் அப்பங்கு 6 விழுக்காட்டிற்கு மேல் வீழ்ந்தது. குளிர்காலம் வரவில்லை. 2025 நவம்பரில் அதே பங்கு 6,00,000 வொன்னைக் கடந்து விற்றது. செயற்கை நுண்ணறிவுக்கென அடுக்கடுக்காகச் செய்யப்படும் நினைவகச் சில்லுகளின் தேவை எவ்வளவு பெருகும் என்பதை அந்த அறிக்கை குறைத்து மதிப்பிட்டிருந்தது. இரண்டு அறிக்கைகளும் கற்றவர்கள் எழுதியவை. இரண்டும் எண்களால் நிறைந்தவை. வெளிவந்த அன்று படித்தவர்க்கு எது பலிக்கும் எது பொய்க்கும் என்று பிரித்தறிய வழி இருந்திராது.

இப்பொழுது அக்டோபர் 15 ஆம் நாளுக்குத் திரும்புவோம். அன்று எல்லார் கண்ணும் விற்பனைத் தொகையில் விழவில்லை. புதிதாக வந்த ஆர்டர்களின் தொகையில் விழுந்தது. ஆய்வாளர்கள் 500 கோடி யூரோவுக்கு மேல் எதிர்பார்த்திருக்க, வந்தது 263 கோடி. 2025 ஆம் ஆண்டின் விற்பனை 3,000 கோடியிலிருந்து 4,000 கோடி யூரோவுக்குள் இருக்கும் என்று முன்னர்ச் சொல்லியிருந்த நிறுவனம், மேல் எல்லையை 3,500 கோடியாகக் குறைத்தது. செயற்கை நுண்ணறிவு நீங்கலான பிற துறைகளில் சில்லின் தேவை மீள்வதற்குக் காலம் ஆகிறது. வாடிக்கையாளர் தயங்குகின்றனர் என்றது. அதுவரை விற்பனையில் ஏறத்தாழப் பாதியாக இருந்த சீனத்தின் பங்கு அடுத்த ஆண்டு ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்றும் சொல்லியது. நிகழ்காலம் நன்று, எதிர்காலம் எண்ணியதைவிடச் சிறிது. விலை எதிர்காலத்தைப் பின்பற்றியது. ஒரு நிறுவனத்தின் வாய்ச்சொல் அத்துறை முழுவதன் வாடிக்கையாளரைப் பற்றியதாகையால், மற்ற நிறுவனங்களின் பங்குகளும் உடன் விழுந்தன.

இரண்டு நாள் கழித்து, 17 ஆம் நாள், டி.எஸ்.எம்.சி. தன் கணக்கை வெளியிட்டது. இலாபம் முந்திய ஆண்டைவிட 54 விழுக்காடு உயர்வு. நியூயார்க்கில் அதன் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு ஏறிற்று. ஒரே வாரத்தில் பொறி விற்பவர் வீழ்ந்தார். பொறியை வாங்கிச் சில்லு செய்பவர் உயர்ந்தார். ‘சில்லின் தேவை’ என்று செய்தித்தாள் ஒருமையில் எழுதுகிறது. எந்தச் சில்லு, யாருடைய ஆலை என்று கேட்டால்தான் அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது. உயர்ந்த சில்லுக்கான தேவை தைவானில் பொங்கிக்கொண்டிருந்தபோதே, கைப்பேசிச் சில்லும் மோட்டார் வண்டிச் சில்லும் தேங்கிக் கிடந்தன.

அந்த 263 கோடியை மட்டும் தனியே பார்த்தால் அச்சம் தோன்றும். அதற்கு முன்னும் பின்னும் வந்த காலாண்டுகளோடு சேர்த்துப் பாருங்கள். 2023 இன் கடைசிக் காலாண்டில் ஏ.எஸ்.எம்.எல். பெற்ற ஆர்டர் ஏறத்தாழ 920 கோடி யூரோ. அதன்பின் 360 கோடி, 560 கோடி, 260 கோடி, 710 கோடி. அதே ஐந்து காலாண்டுகளில் விற்பனையோ 720, 530, 620, 750, 930 கோடி என்று ஓரளவு சீராகவே செல்கிறது. 15, 20 கோடி யூரோ விலையுள்ள பொறி பத்தை ஒரு வாடிக்கையாளர் செப்டம்பர் 30 இல் வாங்க ஒப்பமிடாமல் அக்டோபர் 2 இல் ஒப்பமிட்டால், ஒரு காலாண்டு கரியாகும், அடுத்தது பொன்னாகும். ஆலையில் எதுவும் மாறியிருக்காது. முடிவில் 2025 ஆம் ஆண்டின் விற்பனை ஏறத்தாழ 3,270 கோடி யூரோ என்று அமைந்தது. வீழ்ச்சியைத் தோற்றுவித்த அந்த 3,000-3,500 கோடிக் கணிப்பின் நடுவிலேயே அது நிற்கிறது. நிறுவனம் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பங்கு விலையும் 2025 முடிவதற்குள் வீழ்ச்சிக்கு முந்திய நிலையைக் கடந்து ஏறிவிட்டது. ஆனால் இடையில், அவ்வாண்டு ஏப்ரலில், இன்னும் பள்ளத்திற்கு இறங்கியே ஏறிற்று. அந்தப் பள்ளத்தில் பொறுக்க முடியாமல் விற்றவர்க்கு நட்டமே மிஞ்சியது.

காலாண்டுக்குக் காலாண்டு துள்ளும் இந்த ஆர்டர்த் தொகை தன் தொழிலின் உண்மை வேகத்தைக் காட்டவில்லை என்று கருதிய நிறுவனம், 2026 முதல் அதனைக் காலாண்டுதோறும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தது. கையிலுள்ள ஆர்டர்களின் மொத்தத் தொகையை ஆண்டுக்கொருமுறை சொல்வதாக ஏற்பாடு. அவ்வாறு வெளியான கடைசிக் காலாண்டுத் தொகை, 2025 இன் இறுதிக் காலாண்டுக்குரியது, 1,320 கோடி யூரோ. இனி அந்த எண் கிடைக்காது. டி.எஸ்.எம்.சி. ஜனவரிதோறும் அறிவிக்கும் முதலீட்டுத் திட்டத்தையும், நினைவகச் சில்லின் விலைப் போக்கையும், தென்கொரியத்திலும் அமெரிக்காவிலும் எழும் புதிய ஆலைகளின் கட்டட வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் கொண்டே ஆய்வாளர்கள் தங்கள் இலக்கு விலையைக் கணக்கிட வேண்டியிருக்கும்.